சாரைப்பாம்பு: பாலக்காட்டுக் கணவாயின் தோப்புகளிலும் வயல்களிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயில், பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து நெல்வயல்களும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. தமிழ்நாடு, கேரள எல்லைக்கல்லின் இருபுறமும் தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. வரப்பில் ஓடும் பாம்பை ஒரு பக்கத்தில் சாரை என்பார்கள், மறுபக்கத்தில் அதையே சேர என்பார்கள். பகல் நேரத்தில் இங்கே கண்ணில் படும் பெரிய பாம்பு பெரும்பாலும் இதுதான். நாகம் என்று நினைத்து அடிபடுவதும் இதுதான் என்பதை, தோப்பில் வேலை செய்பவர்களோடு பல ஆண்டுகள் பழகியதில் பார்த்திருக்கிறேன். அவர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

சாரை நஞ்சுள்ள பாம்பா?

இல்லை. சாரைக்கு நச்சுப்பல் கிடையாது. அதன் தாடைகளில் இருப்பவை பின்னோக்கி வளைந்த, உட்குழிவற்ற சிறு பற்கள். கவ்விய இரை நழுவாமல் இருப்பதற்கே அவை பயன்படுகின்றன. நாகமும் கட்டுவிரியனும் ஒரு குடும்பம், கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் இன்னொரு குடும்பம். சாரையோ இவ்விரண்டிலும் சேராத கொலுப்ரிடே என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. 1758ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இன்று வழங்கும் பெயர் டயாஸ் மியூகோசா. மியூகோசா என்னும் லத்தீன் சொல் சளி போன்ற கொழகொழப்பைக் குறிப்பது. உயிருள்ள சாரையைத் தொட்டவர் எவருக்கும் இந்தப் பெயர் பொருத்தமாகத் தோன்றாது, ஏனெனில் அதன் உடல் நன்கு தேய்ந்த தோல்வாரைப் போல உலர்ந்தே இருக்கும். ஈரான், துர்க்மெனிஸ்தான் பகுதியிலிருந்து இந்தியா, இலங்கை வழியாகத் தென்சீனா, தைவான், ஜாவா வரை இது பரவியிருக்கிறது.

நாகத்திலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது?

நிறத்தை நம்பக் கூடாது என்பதே முதல் விதி. சாரை மஞ்சளாகவும் இருக்கும், ஒலிவ நிறமாகவும் இருக்கும், மண் நிறத்திலும் ஏறத்தாழக் கறுப்பாகவும் இருக்கும்; நாகமும் அப்படியே. படம் எடுக்கவில்லை என்பதை வைத்தும் முடிவு செய்ய இயலாது, ஏனெனில் அச்சமின்றி ஊர்ந்து போகும் நாகத்தின் கழுத்து ஒடுங்கித்தான் இருக்கும். அந்த நிலையில் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் பழகிய கண்ணும் ஒரு கணம் தடுமாறும்.

பார்க்க வேண்டியவை முகமும் பின்னுடலும். சாரையின் கண் தலையின் அளவுக்குச் சற்றுப் பெரிதாக, வட்டமான பாவையோடு, அதைச் சுற்றிப் பொன்னிற வளையத்தோடு இருக்கும். மேலுதட்டிலும் கீழுதட்டிலும் உள்ள செதில்களின் ஓரங்களில் செங்குத்தாகக் கறுப்புக் கோடுகள் ஓடும்; வெளிறிய உதட்டின் மேல் யாரோ மைக்கோலால் வரிசையாகக் கோடு கிழித்தது போலத் தெரியும். நாகத்தின் உதட்டில் இப்படி வரிசையான கோடுகள் இல்லை. கண்ணுக்குக் கீழே ஒரு கறை மட்டும் இருக்கக்கூடும். சாரையின் தலை நீண்டது, கழுத்து தலையைவிடத் தெளிவாக மெலிந்தது. உடலின் பின்பாதியில், வாலை நெருங்க நெருங்க, கறுத்த செதில் ஓரங்கள் சேர்ந்து வலைபோன்ற குறுக்குப் பட்டைகளாகின்றன. வால் நீளமானது, சாட்டை நுனிபோல மெலிந்து முடிவது. வளர்ந்த சாரை பொதுவாக ஆறேழு அடி இருக்கும். 3 மீட்டரைத் தாண்டியவையும் பதிவாகியுள்ளன. அவ்வளவு நீளம் நாகத்துக்கு இல்லை.

இவற்றில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை என்றால், அது நாகம் என்றே எண்ணி விலகி நிற்பதுதான் அறிவு. உதட்டுக் கோட்டைப் பார்ப்பதற்காகக் குனிந்து முகத்தை நீட்டச் சொல்வதற்கு இதை எழுதவில்லை. இப்போது எல்லோர் கையிலும் இருக்கும் செல்போனில் பத்தடி தூரத்திலிருந்தே படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

சாரையும் படம் எடுக்கிறதே, சீறுகிறதே?

படம் எடுப்பதில்லை, கழுத்தை உப்புகிறது. ஓட வழியின்றிச் சுவரோரத்தில் மாட்டிக்கொண்ட சாரை முன்னுடலைத் தரையிலிருந்து தூக்கி, கழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கி, மேலும் கீழுமாக ஊதிக்கொள்ளும். நாகம் விலா எலும்புகளை விரித்துக் கழுத்தை அகலத்தில் பரப்புகிறது. சாரை கழுத்தை உயரத்தில் பெருக்குகிறது. எதிரே நிற்பவருக்கு நாகத்தின் கழுத்து கரண்டியின் அகன்ற முகம்போலவும், சாரையின் கழுத்து நிமிர்த்திப் பிடித்த கத்தியின் விளிம்புபோலவும் தெரியும்.

ஒலியும் வேறு. நாகத்தின் சீற்றம் கூர்மையானது. சாரையிடமிருந்து வருவது அடித்தொண்டையிலிருந்து எழும் ஓர் உறுமல். பூனை மிரட்டும்போது எழுப்பும் ஒலிக்கு அது நெருக்கமானது. மூச்சுக்குழாயோடு இணைந்த சிறு பைகள் அந்த ஒலியைத் தாழ்ந்த சுருதிக்குக் கொண்டுவருகின்றன. ராஜநாகத்துக்கும் இதே போன்ற அமைப்பும் உறுமலும் உண்டு. இருட்டான வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து இந்த உறுமலைக் கேட்டவர் பின்வாங்கினால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாம்பும் அதைத்தான் எதிர்பார்க்கிறது.

மஞ்சள் சாரையும் கருஞ்சாரையும் இரண்டு வகைகளா? மஞ்சள் சாரைக்கு விஷம் அதிகம் என்கிறார்களே?

இரண்டும் ஒரே இனம். நிறம் வயதைப் பொறுத்தும், இடத்தைப் பொறுத்தும், தனிப் பாம்பைப் பொறுத்தும் மாறுகிறது.

மஞ்சள் சாரையைப் பற்றிய அச்சத்துக்கு மலையாளத்தில் ஒரு சொலவடையே உண்டு: மஞ்ஞச்சேர மலர்ந்து கடித்தால் மலையாளக் கரையில் மருந்தில்லை என்பார்கள். இதை அச்சுறுத்தலாக எடுத்துக்கொள்பவர்களே அதிகம். என் எண்ணம் வேறு. பாம்பு மல்லாந்து படுத்துக்கொண்டு கடிப்பது நடக்கிற காரியமல்ல. நடக்காத ஒன்றுக்கு மருந்து எங்கிருந்து வரும்? சொன்னவர் நாவை உதட்டுக்குள் மடக்கிச் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார், கேட்டவர் நடுங்கியிருப்பார்.

சாரை கடித்தால் என்ன செய்ய வேண்டும்?

பிடிக்கப் போனால் சாரை தயங்காமல் கடிக்கும், விடாமலும் கடிக்கும். நஞ்சில்லை என்பதால் சாது என்று பொருளல்ல. பல் பட்ட இடங்களில் வரிசையாக ஊசி குத்தியது போலக் கீறல்கள் விழுந்து இரத்தம் கசியும். சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவிவிட்டு, மருத்துவரிடம் சென்று டி.டி. ஊசி தேவையா என்று கேட்டுக்கொள்வது போதும்.

ஆனால் கடித்தது சாரைதான் என்று எவர் உறுதி சொல்வது? இங்கேதான் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பாம்பைத் தெளிவாகப் பார்க்காதவர், அல்லது பார்த்தும் ஐயம் உள்ளவர், நஞ்சுக்கடி என்றே கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சாரை பகலில் நடமாடுவது. இரவில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவரைக் கடித்தது சாரையாக இருக்கும் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு விடியும் வரை காத்திருப்பது உயிரோடு விளையாடுவதாகும், ஏனெனில் அந்த நேரத்தில் கடிப்பது பெரும்பாலும் கட்டுவிரியன், அதன் கடியில் வலியும் வீக்கமும் இல்லாமலே போகலாம். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொண்டு, 108 ஊர்தியையோ கிடைத்த வண்டியையோ பிடித்துச் செல்ல வேண்டும். இரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்க்கும் எளிய சோதனை முதல் கண்காணிப்பு வரை அங்கே செய்வார்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்பது 2020இல் வெளிவந்த ஆய்வின் மதிப்பீடு. தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடி அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டுள்ளது.

வாலில் விஷம் உண்டா?

கிடையாது. பிடிபட்ட சாரை வாலை வீசி அடிக்கும்; புதரில் இருக்கும்போது சருகின் மேல் வாலை அதிரவைத்து ஒலி எழுப்பும். அடி பட்டால் ஒரு தடம் விழும், அவ்வளவே.

அது என்ன தின்கிறது? எப்படிப் பிடிக்கிறது?

எலி, சுண்டெலி, தவளை, தேரை, ஓணான், பறவை, பறவையின் முட்டை, சில நேரங்களில் சிறு பாம்புகள். குட்டிச் சாரைகளுக்குப் பெரும்பாலும் தவளையும் பல்லி வகைகளும்தான் உணவு. எலி வளையின் பக்கம் அவை போவது வளர்ந்த பின்பே.

நாகம் நஞ்சால் கொல்கிறது, மலைப்பாம்பு சுற்றி இறுக்கிக் கொல்கிறது. சாரை இரண்டும் செய்வதில்லை. கவ்வியதைத் தன் உடலின் எடையால் தரையோடோ சுவரோடோ சேர்த்து அழுத்தி, பெரும்பாலும் உயிரோடேயே விழுங்குகிறது. ஓர் ஐப்பசி மழைக்கு மறுநாள் காலை, எங்கள் கிணற்றடி வாய்க்காலில் ஒரு சாரை தேரையைப் பிடித்ததைப் பார்த்தேன். பின்னங்காலைக் கவ்வியிருந்தது. தேரை காற்றை இழுத்து உடலைப் பந்தாக்கிக்கொண்டது. சாரை உடலின் ஒரு மடிப்பை அதன் மேல் போட்டு வாய்க்காலின் சிமென்ட் ஓரத்தோடு அழுத்தியது. அழுத்தம் கூடக் கூடத் தேரையின் குரல் மெலிந்து விட்டுவிட்டு வந்தது. தாடையின் வலப்பக்கம் சிறிது முன்னேறும், பிறகு இடப்பக்கம் முன்னேறும். மேல்தாடை தேரையின் மேல் நடந்து போவது போலவே இருந்தது. தேரை உள்ளே போன பின் சாரை இரண்டு முறை வாயை அகலத் திறந்து மூடித் தாடையைச் சரிசெய்துகொண்டு, கழுத்தில் அந்தப் புடைப்போடு வேலி மூங்கிலுக்குள் நுழைந்தது. தேரையின் தோலில் சுரக்கும் நச்சுப்பாலை வாயில் வைத்த நாய் நுரை கக்கும். சாரைக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

ஒரு சாரை இருந்தால் தோப்பில் எலியே இருக்காது என்பது உண்மையா?

மிகை. சாரையின் நண்பர்கள்தாம் இதை அதிகம் சொல்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். பாம்பு குளிர்குருதி உயிர். உடல் வெப்பத்தைக் காக்க அதற்கு நம்மைப் போல வேளாவேளைக்கு உணவு தேவையில்லை. ஒரு பெரிய எலியை விழுங்கினால் பல நாள் சும்மா கிடக்கும். எலியோ மூன்று வாரச் சினையில் ஒரே ஈற்றில் பல குட்டிகளைப் போடுகிறது. ஒரு பாம்பு அந்தக் கணக்கை நேர்செய்து விடாது.

ஆனாலும் சாரை செய்கிற ஒரு வேலையை ஆந்தையும் பூனையும் செய்ய முடியாது: அது வளைக்குள் போகிறது. நெல் வரப்பைக் குடைந்து வாழும் எலி தன் குட்டிகளை வளையின் அடி அறையில் வைத்திருக்கும். மேலே காத்திருக்கும் ஆந்தைக்கு வெளியே வரும் எலி மட்டுமே கிடைக்கும், வளைக்குள் இறங்கும் சாரைக்கு ஈற்று முழுவதும் கிடைக்கும். விஷ உருண்டை வைக்கும் வயலில், செத்த எலியைத் தின்னும் நாயும் ஆந்தையும் சேர்ந்து துன்பப்படுவதைக் காண்கிறோம். கேரளப் பக்கத்தில் எலிப்பனி என்றும் நம் பக்கத்தில் எலிக்காய்ச்சல் என்றும் சொல்லும் நோய், எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு இறங்குபவர்களை மழைக்காலந்தோறும் பிடிக்கிறது என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆந்தை அமரக் கம்பு நடுவது, கிட்டி வைப்பது, வரப்பைக் குறுக்கி வைப்பது ஆகியவற்றோடு சாரையும் ஒன்று. தனியாக அது மந்திரமல்ல.

கோழிக்குஞ்சை எடுக்குமா?

எடுக்கும். முட்டையையும் எடுக்கும். இதை மறைத்துப் பேசுவதால் பாம்புக்கு நன்மை வரப்போவதில்லை. கோழிக்கூட்டில் நாலு விரல் நுழையும் வலைக்குப் பதிலாகச் சின்னக் கண் உள்ள கம்பி வலையைத் தரையோடு சேர்த்து அடித்துவிட்டால் இந்தத் தகராறு தீர்ந்துவிடும்.

கட்டுத்தாரையில் மாட்டின் காலைக் கட்டிக்கொண்டு பால் குடிக்கும் என்பது?

பாம்பின் வாயமைப்பில் உறிஞ்சும் வேலைக்கு இடமில்லை. அதற்கு வேண்டிய சதைப்பற்றுள்ள உதடும் கன்னமும் அதற்குக் கிடையாது. பின்னோக்கி வளைந்த பற்களால் காம்பைக் கவ்வினால் எந்த மாடும் நிற்காது, ஒரே உதையில் பாம்பு செத்துப்போகும். மாட்டுத் தீவன மூட்டைக்கு எலி வருகிறது, எலிக்குச் சாரை வருகிறது. விடியற்காலையில் பால் கறக்கப் போனவர் மாட்டின் காலடியில் சாரையைக் காண்கிறார், அன்றைக்குப் பால் குறைந்தும் இருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கதை பிறந்திருக்கிறது.

சாரையும் நாகமும் பிணையுமா?

இந்தக் கேள்வி வராத ஆண்டே இல்லை. சாரை ஆண், நாகம் பெண், இரண்டும் பின்னிக்கொண்டு ஆடும்போது புது வேட்டியை விரித்துப் போட்டு எடுத்துப் பெட்டியில் வைத்தால் செல்வம் பெருகும் என்று இங்கே நம்புகிறார்கள். சாரையும் நாகமும் ஆடுகின்றன என்ற தலைப்போடு செல்போனில் சுற்றும் காணொளிகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: இரண்டுக்கும் உதட்டில் அதே கறுப்புக் கோடுகள், வால்பக்கத்தில் அதே பட்டைகள். இரண்டுமே சாரை. அதுமட்டுமல்ல, இரண்டுமே ஆண்.

அவர்கள் பார்ப்பது காதல் அல்ல, மல்யுத்தம். ஒரு பெண் சாரை அருகில் இருக்கும்போது, அல்லது இருந்துவிட்டுப் போன மணம் தரையில் இருக்கும்போது, சம அளவுள்ள இரண்டு ஆண் சாரைகள் சந்தித்தால் அவை கடித்துக்கொள்வதில்லை. கயிறு திரிப்பது போல உடலோடு உடலைப் பின்னி, முன்னுடலை இடுப்பளவு உயரத்துக்கு எழுப்பி, எதிரியின் தலையைத் தரையில் அழுத்தப் பார்க்கின்றன. அழுத்தப்பட்டது சறுக்கி விடுவித்துக்கொண்டு மறுபடி எழும், மறுபடி பின்னும். இப்படியே வெகுநேரம் நீடிக்கும். சுற்றி நிற்கும் கூட்டத்தையும் அவை கவனிப்பதில்லை, ஆகவே கல்லெறிபவருக்கு எளிய இலக்காகிவிடுகின்றன. கடைசியில் சளைத்தது தலையைத் தாழ்த்தி விரைந்து ஓடும், வென்றது சிறிது தூரம் துரத்தும்.

உண்மையான இணைசேர்க்கை பார்வையாளருக்குச் சுவையற்றது. ஆண் பெண்ணின் முதுகோடு உடலை ஒட்டிக்கொண்டு தரையோடு தரையாகக் கிடக்கும். வால்பகுதி மட்டும் சேர்ந்திருக்கும். எழுந்து ஆடுவது எதுவும் இல்லை. நாகமும் சாரையும் வேறு வேறு குடும்பங்கள் என்று முன்பே சொன்னேன். அவை சேர்ந்து குட்டி ஈனுவது, ஆடும் குதிரையும் சேர்ந்து குட்டி போடுவதற்குச் சமம்.

முட்டை இடுமா, குட்டி போடுமா?

முட்டைதான். எலி வளையிலோ, கறையான் புற்றிலோ, மட்கிய இலைக்குவியலிலோ பொதுவாகப் பத்துக்கு முன்பின் முட்டைகள் இடும். அவை கோழி முட்டைபோல ஓடு உடையாமல், தோல்போல வளைந்து கொடுக்கும். பெண் சாரை முட்டைகளின் மேல் சுருண்டு கிடப்பதும் உண்டு. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான குஞ்சுகள் வெளிவரும். உடல் மெலிந்து, கண் மட்டும் பெரிதாக, முன்னுடலில் வெளிறிய குறுக்குப் பட்டைகளோடு இருப்பதால், இவற்றை வேறு ஏதோ புதுப் பாம்பு என்று நினைத்து அடிப்பவர்கள் உண்டு. உரிமட்டைக் குவியலைக் கிளறும்போது முட்டைகள் தென்பட்டால், புரட்டாமல் அப்படியே மூடிவிடுவது நல்லது. பாம்பு முட்டையைப் புரட்டினால் உள்ளிருக்கும் கரு இறந்துபோகக்கூடும்.

சாரை இருக்கும் இடத்தில் நாகம் வராது என்கிறார் ஒருவர். சாரை இருந்தால் நாகமும் இருக்கும் என்கிறார் இன்னொருவர். எது சரி?

இரண்டாமவர் சற்று அருகில் வருகிறார், காரணம் மட்டும் வேறு. இரண்டுக்கும் ஒரே எலி, ஒரே வளை, ஒரே புற்று. எலி நிறைந்த சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, சாரையும் வரும், நாகமும் வரும். சாரை நாகத்தைக் காவல் காத்துத் துரத்துவதும் இல்லை, துணைக்கு அழைத்து வருவதும் இல்லை.

அதற்கு எதிரிகள் யார்?

கீரி, மயில், கழுகு வகைகள், காட்டுப்பன்றி. மலையடிவாரத்துக்குப் போனால் ராஜநாகம். ஆனைமலையிலும் நெல்லியாம்பதியிலும் உள்ள அந்தப் பெரும்பாம்பு பாம்புகளையே முதன்மையாக உண்பது, அதற்கு மிகவும் பிடித்த இரைகளில் சாரையும் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் ராஜநாகத்தை 2024ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் தனி இனமாகப் பிரித்தனர். சமவெளியில் சாரைக்கு வரும் சாவு வேறு: வெயில் காயத் தார்ச்சாலைக்கு வரும்போது சக்கரத்தின் கீழ்.

மனிதர் சாரையைத் தின்றதுண்டா? தோலுக்காகப் பிடித்தார்களே?

பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டம் நமக்கு என்று நாம் பொதுவாகச் சொல்வதை, மலையாளிகள் சேரயைத் தின்னும் நாட்டில் என்று பெயர் குறித்தே சொல்கிறார்கள். இந்த ஊரில் தின்றவரை நான் கண்டதில்லை. தென்கிழக்கு ஆசியாவிலும் சீனாவிலும் இறைச்சிக்காகப் பெருமளவில் பிடிக்கிறார்கள்.

தோல் வாணிபம்தான் இங்கே பெரிதாக இருந்தது. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் வாணிகர்களுக்காகப் பாம்பு பிடித்துத் தோலாக விற்றுவந்தார்கள். பைக்கும் செருப்புக்கும் இடுப்பு வாருக்கும் சாரையின் அகன்ற நீண்ட தோல் விரும்பப்பட்டது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின் வந்த ஏற்றுமதித் தடையும் அந்தத் தொழிலை நிறுத்தின. பிழைப்பு போன அந்த மக்களுக்காக 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், நாகம் முதலான நான்கு நச்சுப் பாம்புகளிடமிருந்து நஞ்சு எடுத்து மருந்து நிறுவனங்களுக்குத் தருகிறது. அந்த மரபில் வந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சாரையை அடித்தால் சட்டம் என்ன செய்யும்?

2022ஆம் ஆண்டின் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பின், சாரை மேற்சொன்ன சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. முதல் அட்டவணை உயிரைக் கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஏழு ஆண்டு வரை நீளக்கூடிய சிறையும் அபராதமும் உண்டு. எல்லையின் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து இது மாறாது.

வீட்டுக்குள் வந்துவிட்டால்? வலையில் சிக்கியிருந்தால்?

குழந்தைகளையும் நாயையும் வெளியேற்றிவிட்டு, வாசல் பக்கக் கதவைத் திறந்து வைத்து, ஒதுங்கி நின்றால் பெரும்பாலும் அதுவே போய்விடும். போகாவிட்டால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். கேரளப் பக்கத்தில் இருப்பவர்கள் அம்மாநில வனத்துறை 2020இல் கொண்டுவந்த சர்ப்பா என்னும் செயலியில் அருகிலுள்ள பாம்பு மீட்பவரை அழைக்கலாம். அங்கே வனத்துறையின் பயிற்சியும் சான்றும் பெற்றவர் மட்டுமே பாம்பைப் பிடிக்கலாம்.

காய்கறிப் பந்தலிலும் வேலியிலும் கட்டும் நைலான் வலை சாரைக்குப் பெரும் தொல்லை. செதில்கள் பின்னோக்கிப் படிந்திருப்பதால் முன்னே நுழைந்த பாம்பு பின்னே வர இயலாமல், திமிறத் திமிற நூல் தோலுக்குள் இறங்கும். இழுத்து எடுக்க முயலாமல், மீட்பவர் வரும் வரை மேலே ஈரச்சாக்கு போட்டு வெயிலை மறைத்து வையுங்கள். வேலை முடிந்த வலையைத் தரையில் சுருட்டிப் போடாமல் உயரத்தில் தொங்கவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

சிறியாநங்கை நட்டால், பூண்டு கரைத்துத் தெளித்தால் பாம்பு வராதா?

சிறியாநங்கைச் செடியின் அடியிலேயே சாரை சுருண்டு கிடந்ததைக் கண்டிருக்கிறேன். பூண்டு நீர் ஒரு மழைக்குத் தாங்காது. குப்பை, கல் குவியல், உரிமட்டை, சிந்திய தவிடு ஆகியவை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி இருந்தால் எலி குறையும். எலி குறைந்தால் பாம்புக்கு அங்கே வேலையில்லை.

மோட்டார் அறையில் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. சாரையா, நாகமா என்று அதை வைத்துச் சொல்ல முடியுமா?

சட்டை கிழியாமல் கிடைத்தால் சொல்லலாம், அதிலும் தலைப்பகுதியும் வால் தொடங்கும் இடமும் இருந்தால் நன்று. சட்டையை ஒரு பாத்திரத்தில் தண்ணீரில் ஊறவைத்து விரித்துப் பாருங்கள். வயிற்றுப் பக்கத்தில் அகலமான தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவை முடிந்து வால் தொடங்கும் இடத்தில், கழிவுத் துளையை மூடும் கடைசித் தகடு சாரைக்கு இரண்டாகப் பிளந்திருக்கும், நாகத்துக்குப் பிளவின்றி ஒரே தகடாக இருக்கும். தலைப்பகுதி கிடைத்தால் மூக்குத்துளைக்கும் கண்ணுக்கும் நடுவே பாருங்கள். சாரைக்கு அங்கே இரண்டு மூன்று சிறு செதில்கள் கூடுதலாக இருக்கும், நாகத்துக்கு அவை இல்லை. கண் இருந்த இடத்தில் கைக்கடிகாரக் கண்ணாடி போன்ற ஒரு வட்ட மூடியும் சட்டையோடு வந்திருக்கும், ஏனெனில் பாம்புக்கு இமை இல்லை, கண்ணின் மேல்தோலும் சேர்ந்தே உரிகிறது.

சட்டையை அளந்து பாம்பின் நீளத்தைச் சொல்லிவிடாதீர்கள். உரியும்போது தோல் உள்வெளியாகப் புரண்டு இழுபடுவதால் பாம்பைவிடச் சட்டை நீளமாகவே இருக்கும். எங்கள் மோட்டார் அறையில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் கிடந்த சட்டை ஒன்பதடி இருந்தது. அதை உதறியதாக நான் நினைக்கும் சாரை, இரண்டு நாள் கழித்துத் தொட்டியோரத்தில் நீட்டிப் படுத்து வெயில் காய்ந்தது. தொட்டியின் கற்களை எண்ணிப் பார்த்தேன், ஏழரை அடிக்கு மேல் தேறவில்லை.